பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதினேன்

நான் குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று ஒரு மிஷின் சொன்னது. நாற்பத்திரண்டு வயதுவரை பீர் பாட்டிலின் மூடியைக்கூடத் திருகிப் பார்க்காத என்னைச் சொன்னது. எனக்கு முன்னால் ஊதியவர்களில் பாதிப் பேர் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழித்தார்கள் என்பது அம்பத்தூர் எஸ்டேட்டுக்கே தெரியும். அவர்கள் எல்லோரும் பாஸ். நான் மட்டும் ஃபெயில். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. சிரிப்பு அதற்குப் பிறகுதான்.

நான் வெல்டர். எஸ்டேட்டில் ஒரு காண்டிராக்ட் கம்பெனியில் ஆர்கான் வெல்டிங் செய்கிறேன். கடலோர அணுமின் நிலையத்தில் ஒரு யூனிட்டைப் பராமரிப்புக்காக நிறுத்துவதை நாங்கள் ஷட்டவுன் என்போம். ஷட்டவுன் வந்தால் எங்கள் கம்பெனியிலிருந்து ஃபிட்டர், வெல்டர் என்று ஒரு பஸ் நிறைய ஆட்கள் போவார்கள். அந்த பஸ்ஸில் பெண் யாரும் ஏறியதில்லை. "அங்க லேடீஸுக்கு இன்னா வேலை கீது?" என்பார் எங்கள் சூப்பர்வைசர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் சொல்லிவந்த ஒரே காரணம் அதுதான்.

அந்த வருஷம் அவருக்கு வேறு வழி இல்லாமல் போனது. ஒட்ட வேண்டிய குழாய் ஒரு சுவரை ஒட்டி இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் இடம். பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. சின்னக் கண்ணாடி ஒன்றைச் சுவரோடு சாய்த்து வைத்து, அதில் தெரிவதைப் பார்த்துத்தான் பற்றவைக்க வேண்டும். கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். கை இந்தப் பக்கம் போக நினைத்தால் நெருப்பு அந்தப் பக்கம் போகும். அதே அளவில் ஒரு மாதிரிக் குழாய் செய்து ஒன்பது பேருக்குத் தேர்வு வைத்தார்கள். எக்ஸ்ரேயில் தேறியவை இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றவரை மாற்று ஆளாக வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் என்னுடையதில் ஒரு புள்ளிகூட இல்லை. என் கை ஒல்லி, அதனால்தான் என்றார் சூப்பர்வைசர். கை ஒல்லியாக இருந்தால் போதுமென்றால் ஊரில் பாதிப் பேர் வெல்டர் ஆகியிருக்க வேண்டும்.

அணுமின் நிலையத்துக்குள் போவது கல்யாண மண்டபத்துக்குள் போவது போல இல்லை. போலீஸ் விசாரணை, மெடிக்கல், அப்புறம் ஒரு பிளாஸ்டிக் கப்பில் சிறுநீர். போதை வஸ்து எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே கூட்டம் போட்டு, இருமல் மருந்து குடிக்காதே, கசகசா அரைத்த குருமா சாப்பிடாதே, இரண்டுமே சோதனையில் போதை என்று காட்டிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் ஆட்கள் கேன்டீன் குருமாவைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஒருவர் தன் மனைவியிடம் போனில் கசகசா டப்பாவையே வீட்டைவிட்டு வெளியே வைக்கச் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

அதைத் தாண்டி தினமும் மூச்சுச் சோதனை. நிலையத்தின் வாசலில் ஊத வேண்டும். அங்கே ஒருவர் மாட்டினால் அவருடைய கேட் பாஸ் போய்விடும், கம்பெனிக்கும் கெட்ட பெயர். அதனால் எங்கள் கம்பெனி முன்ஜாக்கிரதையாக, பஸ் கிளம்பும் முன் அம்பத்தூர் யார்டிலேயே எல்லோரையும் ஊத வைத்தது. இதைப் பார்த்துக்கொள்ள ஒரு சேஃப்டி ஆபீசர். தென்காசிப் பக்கத்துக்காரர், காட்டுப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்தார். வந்து ஆறு மாசம்தான். எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவார், அதனாலேயே ஒருத்தரும் அவரை மதிக்கவில்லை.

அந்த மிஷினை ஏமாற்ற எங்கள் ஆண்கள் வைத்திருந்த வைத்தியங்களை எழுதினால் தனிப் புத்தகமாகும். ஏலக்காய் மென்றால் தெரியாதாம். கொய்யா இலை இன்னும் நல்லதாம். ஒருவர் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு வந்து, ஊதும்போது ஏப்பம் விட்டார். முந்தின ஷட்டவுன்களில் நான் இதையெல்லாம் யார்டில் நின்று பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். எனக்கெதற்கு இந்த வித்தையெல்லாம் என்ற திமிர் எனக்கு இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த ஷட்டவுனின் முதல் நாள், திங்கட்கிழமை. முத்தாபுதுப்பேட்டையில் நாலரை மணிக்கு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். அம்மா இரண்டு டப்பா கட்டிக் கொடுத்தாள். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று. யார்டில் போய் உட்கார்ந்து காலை டப்பாவைத் திறந்தால் சோறும் கருவாட்டுக் குழம்பும். நெத்திலிக் கருவாடு, கத்திரிக்காய் போட்டது. விரலைச் சூப்பிக்கொண்டு சாப்பிட்டு முடித்த பிறகுதான் உறைத்தது, இந்த வாயோடு அந்தத் தென்காசிப் பிள்ளையின் முகத்துக்கு நேரே ஊத வேண்டும்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பஸ்ஸில் ஏறப்போகும் முதல் பெண், கருவாட்டு வாடையோடு ஊதினாள் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாது. போன வாரம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தேன். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க டாக்டர் பச்சை நிறத்தில் ஒரு மருந்து கொடுத்திருந்தார், அது பையில் இருந்தது. ஒரு மூடி அளவு கொப்பளிக்கச் சொன்னதை நான் நாலு மூடி கொப்பளித்தேன். வாய் ஜில்லென்று எரிந்தது. நேராகப் போய் வரிசையில் நின்றுகொண்டேன். எனக்கு முன்னால் இரண்டே பேர்.

ஊதினேன். மிஷின் கத்தியது. சிவப்பு விளக்கு, நாற்பத்தொன்று என்று ஒரு எண். பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும் ஃபெயில்.

ஆபீசர் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மிஷினைப் பார்த்தார். பின்னால் யாரோ "அக்காவா!" என்றார்கள். சூப்பர்வைசர் நடந்து வந்து அந்த எண்ணை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியத்தோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"இல்ல சார், நான் குடிக்கல" என்றேன்.

சொன்ன உடனே எனக்கு உடம்பு கூசியது. இது என் அப்பாவின் வாக்கியம். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அப்பா இதே எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் மிஷின் கிடையாது. கேட்டில் வாட்ச்மேன் கிட்டே வந்து மோந்து பார்ப்பான். "இல்ல சார், நான் குடிக்கல" என்று அப்பா சொல்வார், ஆனால் வாடை பத்தடி முன்னால் போய் உண்மையைச் சொல்லிவிடும். காலை பத்து மணிக்கு வீட்டுக்குத் திரும்பி வருவார், கையில் அம்மா கட்டிக்கொடுத்த டப்பா அப்படியே நிறைந்திருக்கும். பள்ளி விடுமுறை நாட்களில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். அம்மா டப்பாவை வாங்கிக் கையிலேயே எடை பார்த்துவிட்டு உள்ளே போவாள். அப்பாவைக் குடியே கொண்டுபோனது. நான் ஏன் குடிப்பதில்லை என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த டப்பாதான் ஞாபகம் வரும்.

"சரி, ஓரமா நில்லும்மா. லிஸ்ட்ல பேர அடிச்சிடுங்க சார், மாத்து ஆளு ரெடியா கீறான்" என்றார் சூப்பர்வைசர். மாற்று வெல்டர் அதற்குள் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் நான் கைக்குட்டை போட்டு வைத்திருந்த சீட்டில் உட்கார்ந்தேவிட்டார்.

பேரை அடித்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்த ஷட்டவுன் மட்டும் போகாது, கேட் பாஸே போய்விடும். அணுமின் நிலையத்தில் ஒரு தடவை குடி என்று எழுதிவிட்டால் அழிக்க முடியாது. அதைவிட, "பொம்பள ஒருத்திய அனுப்பினோம், குடிச்சிட்டு வந்தா" என்ற ஒரு வரி போதும். எனக்குப் பின்னால் வரப்போகும் எந்தப் பெண்ணுக்கும் அந்த பஸ் கதவு திறக்காது. இதையெல்லாம் நினைத்தபோது அழுகை வரவில்லை. எனக்கு வந்தது பத்து ஆளுக்கு வரவேண்டிய கோபம்.

மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சோதனை எப்படிச் செய்ய வேண்டும் என்று நிலையத்திலிருந்து ஆங்கிலத்தில் கொடுத்த விதிகள். அதன்மேல் டீக்கறை படிந்திருந்தது, ஒருத்தரும் படித்ததில்லை. நான் ஐ.டி.ஐ. படித்தவள், எதிரில் எழுத்து இருந்தால் படிக்காமல் விடமாட்டேன். போன வாரம் ஒத்திகைக்கு வரிசையில் நின்றபோதே படித்திருந்தேன்.

"சார், ஏழாவது நம்பரைப் படிங்க" என்றேன்.

ஆபீசர் திரும்பிப் படித்தார். முதல் தடவை எண் காட்டினால் அந்த ஆளைப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்து, வாயில் தண்ணீர்கூடப் படாமல், புதுக் குழாய் மாட்டி மறுபடி ஊத வைக்க வேண்டும். அவர் காது சிவந்துவிட்டது.

"சாரி மேடம். இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல" என்றார்.

எப்படிக் கேட்பார்கள்? இதுவரை மாட்டியவர்கள் எல்லோரும் நிஜமாகவே குடித்தவர்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு, வயிறு சரியில்லை என்று ஒரு லீவு லெட்டர் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இன்னொரு தடவை ஊதுகிறேன் என்று சொல்ல அவர்களுக்கு என்ன பைத்தியமா? அதனால் அந்த விதி இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோனது.

"பஸ்ஸு கெளம்பணும் சார். எட்டரைக்கு அங்க கேட்ல இருக்கணும். இந்தம்மாவுக்காக எல்லாரும் நிக்கணுமா?" என்றார் சூப்பர்வைசர்.

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது பஸ் இன்ஜின் அணைந்தது. டிரைவர் கீழே இறங்கினார், கையில் ஒரு குடம். "ரேடியேட்டர்ல தண்ணி இல்ல நைனா. ஊத்தினு வரேன். கால் மணி ஆவும்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமலே குழாயடிக்கு நடந்தார். நேற்று சாயங்காலமே அவர் ரேடியேட்டரை நிரப்பிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே கடிகாரம். குடிக்காதவளுக்கு என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒருவேளை மறுபடியும் காட்டினால்? ரத்தத்தில் ஏதாவது இருக்குமோ, அப்பாவிடமிருந்து வந்திருக்குமோ என்றெல்லாம் புத்தி அலைந்தது. கருவாட்டில் ஏதாவது இருந்திருக்குமா என்று நெத்திலியைக்கூடச் சந்தேகப்பட்டேன். காலையிலிருந்து வாயில் போனதை ஒவ்வொன்றாக எண்ணினேன். டீ இல்லை. தண்ணீர். சோறு, குழம்பு, கத்திரிக்காய். அப்புறம்.

பையைத் திறந்து அந்தப் பச்சைப் பாட்டிலை எடுத்தேன். பொடி எழுத்தில் என்ன கலந்திருக்கிறது என்று போட்டிருந்தது. படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்றாவது பெயர் எத்தனால். அதாவது சாராயம். அதை நான் நாலு மூடி வாயில் வைத்திருந்தேன்!

ஏலக்காய்க்காரர்களையும் மோர்க்காரரையும் பார்த்துச் சிரித்த வாய் அது. அவர்கள் குடித்ததை மறைக்கப் பார்த்தார்கள், நான் கருவாட்டை மறைக்கப் பார்த்து மாட்டிக்கொண்டேன். எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தால், போதை என்று அதற்கும் ஒரு நம்பர் போட்டுவிடுவார்கள்.

பதினைந்து நிமிடம் ஆனது. புதுக் குழாய் மாட்டினார் ஆபீசர். பஸ்ஸிலிருந்து பாதிப் பேர் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினேன். பச்சை விளக்கு. பூஜ்யம்.

"அக்கா பாஸு!" என்று யாரோ கத்தினார்கள். ஒருவர் விசில் அடித்தார்.

சூப்பர்வைசர் விடவில்லை. "மொதோ தபா காட்டுச்சே, அது இன்னா பொய்யா? ரெண்டு சீட்டையும் தானே அனுப்பணும்? அங்க கேட்டா நான் இன்னா சொல்றது?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மிஷின் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சீட்டு அச்சடித்துத் துப்பும். நாற்பத்தொன்று என்ற சீட்டும் மேஜைமேல் இருந்தது. அதற்குக் காரணம் எழுத வேண்டும், இல்லையென்றால் என் பெயரில் சந்தேகம் நிற்கும்.

நான் பாட்டிலை மேஜைமேல் வைத்தேன். "காரணம் இதுதான் சார். நம்பலைன்னா யாராவது ஒருத்தர் வாய் கொப்பளிச்சிட்டு ஊதட்டும்."

உடனே ஒரு பத்துக் கைகள் மேலே போயின. அவ்வளவு ஆர்வத்தோடு எங்கள் ஆட்கள் எந்த வேலைக்கும் முன்வந்து நான் பார்த்ததில்லை. "நான் கொப்பளிக்கிறேன் சார்", "எனக்குப் பல்லு வலிக்குது சார்" என்று ஒரே கூச்சல்.

"உங்க யார் மேலயும் எனக்கு நம்பிக்கை இல்ல" என்றார் ஆபீசர். அந்த மனுஷன் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். முதலில் தானே ஊதிக் காட்டினார். பூஜ்யம். பிறகு பாட்டிலைத் திறந்து ஒரு மூடி வாயில் ஊற்றி, கன்னம் உப்பக் கொப்பளித்து, ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார். ஊதினார்.

நூற்றுப் பன்னிரண்டு.

யார்டே அதிர்ந்தது. வாட்ச்மேன்கூட ஓடிவந்து எட்டிப் பார்த்தார். சிரிப்பில் ஒருவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆபீசர் அந்தச் சீட்டைக் கிழித்து, என்னுடைய இரண்டு சீட்டுகளோடு சேர்த்துப் பின் அடித்து, நடந்ததை அழகான கையெழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் சூப்பர்வைசரிடம் நீட்டினார். "சாட்சிக்கு நீங்களும் போடுங்க சார்."

சூப்பர்வைசர் பேனாவை வாங்கினார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

"நீங்க கேட்டீங்களா?" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் ஏறப்போனபோதுதான் ஆபீசருக்கு ஞாபகம் வந்தது. அவரும் எங்களோடு வருகிறவர். இப்போது அவர் ஃபெயில் ஆன ஆள். ஏழாவது விதிப்படி பதினைந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி ஊதினால்தான் ஏற முடியும். நான் உட்கார்ந்த அதே பெஞ்சில், கையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர் போல உட்கார்ந்தார்.

"சார், ரேடியேட்டருக்கு இன்னொரு கொடம் ஊத்தவா?" என்றார் டிரைவர்.

நான் பஸ்ஸில் ஏறினேன். மாற்று வெல்டர் எழுந்து, என் கைக்குட்டையை உதறி மடித்துக் கையில் கொடுத்தார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நானாக இருந்தாலும் ஜன்னலோரம்தான் பார்த்திருப்பேன். வெளிவட்டச் சாலையில் டிரைவர் ஓட்டிய ஓட்டத்தில் பூந்தமல்லி எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. எட்டு இருபத்தைந்துக்கு நிலையத்தின் வாசலில் இறங்கினோம். அங்கே மறுபடி வரிசை, மறுபடி ஊதல். "அக்கா, வாயக் கொப்பளிச்சாச்சா?" என்று பின்னால் கேலி. பூஜ்யம் வாங்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் உள்ளே போனேன்.

அந்தக் குழாயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூன்று மணி நேரம், ஒரு சின்னக் கண்ணாடி, இடது வலதாகத் தெரிந்த ஒரு நெருப்புக் கோடு. கை ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. எக்ஸ்ரே எடுத்தவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "யார் போட்டது?" என்று கேட்டார். சூப்பர்வைசர்தான் பதில் சொன்னார். "எங்க லேடி வெல்டர் சார்." எங்க என்று சொன்னார். அவர் குரலில் அப்படி ஒரு பெருமை. அவரே பெற்று வளர்த்து அனுப்பியது போல. நான் விட்டுக்கொடுத்துவிட்டேன், அன்றைக்கு எனக்கு எதையும் விட்டுக்கொடுக்க முடிந்தது.

மறுநாள் யார்டுச் சுவரில் டீக்கறைக் காகிதத்துக்குப் பக்கத்தில் ஒரு புதுக் காகிதம் இருந்தது. அதே விதிகள், தமிழில். ஆபீசர் கேட்டு நான் எழுதிக் கொடுத்தது. ஊதுவதற்கு முன் கால் மணி நேரம் எல்லோரும் வாயில் ஒன்றும் போடாமல் உட்கார வேண்டும் என்று மேலே பெரிதாகச் சேர்த்தோம். ஏலக்காயும் கொய்யா இலையும் அன்றோடு போயின. அந்த ஷட்டவுனில் எங்கள் பஸ்ஸில் ஒருவர்கூட மாட்டவில்லை. அடுத்த ஷட்டவுனுக்கு லிஸ்டில் மூன்று பெண்கள் இருந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நான் வண்டியை நிறுத்தும் முன்பே மதிய டப்பாவைப் பையிலிருந்து பிடுங்கி, எடை பார்த்தாள். நான் படித்து, வேலைக்குப் போய், இத்தனை வருஷம் ஆகியும் அவளுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. டப்பா காலி. உள்ளே ஸ்பூன் மட்டும் கிலுகிலுவென்று ஆடியது.

காலையில் நடந்ததை எல்லாம் சொன்னேன். நாற்பத்தொன்று என்றதும் நெஞ்சில் கை வைத்தாள். பூஜ்யம் என்றதும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். நூற்றுப் பன்னிரண்டு என்றதும் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் போன பிறகு அவரைப் பற்றி அவள் கேலியாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

"உங்கப்பன் மட்டும் ஊதிக்கீணும்," என்றாள், "மிஷினு தெறிச்சி ஆவடில போய் வுழுந்திருக்கும்."

நாங்கள் இருவரும் கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தோம். பிறகு அம்மா அந்தக் காலி டப்பாவைக் கழுவி, நாளைக்கு என்று கவிழ்த்து வைத்தாள்.